நாலு ஸ்வரத்தில் ஒரு நண்பன்

கேள்வி: கோவையில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறோம். கல்லூரி விழாவில் இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' வாசிக்கப் போகிறோம். அவர்களின் பிற்காலப் பாட்டெல்லாம் குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டைப் பற்றித்தான் என்று எங்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது ரசிகர்கள் கட்டிய கதை என்கிறார்கள் மீதிப் பேர். எது சரி? இசையில் அது எங்கே கேட்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் குழுவைத் தொடங்கிய நண்பனுக்கு மனநிலை சரியில்லாமல் போனது. போன வருஷம் அவனை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் தொடர்ந்தோம். அவனைப் பற்றி ஒரு பாட்டு செய்ய ஆசை, தப்பாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. எப்படிச் செய்வது?

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் குழுவில் இரண்டு பக்கமும் பாதி பாதி சரி. சிட் பாரெட் பிங்க் ஃப்ளாய்டின் பாட்டு வரிகளில் இருப்பதைவிட அவர்கள் இசை அமைத்த முறையில்தான் அதிகம் இருக்கிறார். வரிகளில் அவரைத் தேடினால் எல்லா இடத்திலும் அவர் தெரிவார், அதுவே ஏமாற்றிவிடும். காதால் தேடினால் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கிடைப்பார். நீங்கள் வாசிக்க எடுத்திருக்கும் பாட்டு அப்படிப்பட்ட இடங்களில் முதலாவது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர் சிட். 1967இல் வந்த முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' ஏறக்குறைய முழுவதும் அவர் எழுதியது. 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' என்ற ஹிட் பாட்டுகளும் அவருடையவை. அந்த வருஷம் முடிவதற்குள் எல்எஸ்டி போதைப் பழக்கமும் மனநிலைச் சிக்கலும் சேர்ந்து அவரை மேடையில் நிற்க முடியாதவராக்கிவிட்டன. அவருக்கு இருந்தது இன்ன நோய் என்று பெயர் வைக்க நாம் மருத்துவர்கள் இல்லை. கேம்பிரிட்ஜில் அவரோடு சேர்ந்து கிட்டார் பழகிய டேவிட் கில்மர் ஐந்தாவது ஆளாக வந்தார். சிட் வாசிக்காவிட்டாலும் நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்பதற்காக, சிட்டின் பகுதிகளையே வாசிக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், சிட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று வண்டியில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். உட்கார வைத்துப் பேசவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. வண்டி அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அந்தக் குழுவின் பிற்கால இசையில் கேட்கும் குற்ற உணர்ச்சிக்கு இந்த ஒரு சின்னக் காரியம் பெரிய காரணம் என்பது என் கருத்து.

அவர் போனதும் அவர்கள் முதலில் செய்தது அவரைப் போலவே எழுதிப் பார்த்ததுதான். 1968இல் வந்த 'இட் வுட் பி ஸோ நைஸ்', 'பாய்ண்ட் மி அட் தி ஸ்கை' என்ற இரண்டு சிங்கிள்களையும் (தனிப்பாட்டு வெளியீடுகளையும்) கேளுங்கள். விசித்திரமான பாத்திரங்கள், விளையாட்டுத்தனமான மெட்டு, திடீர்த் திருப்பங்கள் என்று சிட்டின் சரக்கு அத்தனையும் இருக்கிறது, சிட் மட்டும் இல்லை. இரண்டும் எடுபடவில்லை. அதன் பிறகு 1979 வரை இங்கிலாந்தில் அவர்கள் சிங்கிளே வெளியிடவில்லை. சிட் போனதன் முதல் விளைவு இதுதான். மூன்று நிமிடப் பாட்டு எழுதத் தெரிந்தவர் போய்விட்டார், மிச்சமிருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பாஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் கட்டடக் கலை படித்தவர்கள். 'எ ஸாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்ற 12 நிமிட இசையை அவர்கள் கட்டட வரைபடம் மாதிரி தாளில் வரைந்து அமைத்தார்கள். சிட் ஓவியக் கல்லூரி மாணவர், பாட்டைத் தீட்டினார். மற்றவர்கள் பாட்டைக் கட்டினார்கள். அந்த நீண்ட வடிவத்துக்கு விதையும் சிட் போட்டதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் ஆல்பத்தில் இருக்கும் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடுகிறது.

அவர் விட்டுப்போன கருவிப் பழக்கமும் ஒன்று உண்டு. பின்ஸன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிப் பெட்டியை சிட் விடாமல் பயன்படுத்தினார். அதில் டேப் கிடையாது. சுழலும் காந்த உருளையில் ஒலி பதிவாகும், வெவ்வேறு தூரத்தில் வைத்த ஹெட்கள் அதைத் திரும்ப வாசிக்கும். அதனால் எதிரொலி கூர்மையாக இல்லாமல், ஓரம் தேய்ந்த மாதிரி மங்கலாக வரும். கில்மர் வந்த பிறகும் அந்தப் பெட்டி குழுவோடு பல வருஷம் இருந்தது.

இப்போது உங்கள் பாட்டுக்கு வருவோம். இந்தப் பாட்டு பிறந்ததே கில்மர் வாசித்த நாலு ஸ்வரத்திலிருந்துதான். அதைக் கேட்டதும் வாட்டர்ஸுக்கு சிட்டின் நினைவு வந்து வரிகள் எழுதினார். அந்த நாலு ஸ்வரம்: பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. ஜி-யை ஷட்ஜமமாக வைத்துப் பாடிப் பாருங்கள். சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஷட்ஜமம், சதுச்ருதி தைவதம். முதல் மூன்றும் ஜி மைனரில் நாம் எதிர்பார்ப்பவை. நாலாவதுதான் திடுக்கிட வைக்கிறது. சாதாரண ஜி மைனரில் வர வேண்டியது ஈ ஃப்ளாட், அதாவது நடபைரவி ராகத்தின் சுத்த தைவதம். முன்னால் வரும் சோலோவில் சி மைனர் கார்டு மூலமாக அந்த ஈ ஃப்ளாட்டைக் காது பழகியும் இருக்கும். அந்தப் பழக்கத்தின் மேல் இந்த ஈ வந்து விழுகிறது. நம் கணக்கில் நடபைரவியில் நின்றவன் கரகரப்பிரியாவுக்குள் காலை வைத்த மாதிரி. சோகமும் இல்லை, ஆறுதலும் இல்லை, யாரோ கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போன உணர்ச்சி. 'கிரேஸி' என்ற சொல்லைவிட சிட்டை எனக்குச் சரியாகக் காட்டுவது இந்த ஒரு தைவதம்தான்.

இதைக் கிட்டாரில் எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பி ஃப்ளாட்டை 4ஆவது கம்பியில் 8ஆவது ஃப்ரெட்டில் மோதிர விரலால் பிடியுங்கள். எஃப்பை 2ஆவது கம்பியில் 6ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலால் பிடியுங்கள். ஜி என்பது 3ஆவது கம்பியை வெறுமனே மீட்டுவது, ஈ என்பது 1ஆவது கம்பியை வெறுமனே மீட்டுவது. நாலும் நாலு வேறு கம்பியில் இருப்பதால் ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது சேரும், கடைசியில் நாலும் ஒன்றாக முழங்கும். அப்போது எஃப்புக்கும் ஈ-க்கும் இடையே இருக்கும் அரை ஸ்வர இடைவெளி உரசும். அந்த உரசல்தான் பாட்டின் உயிர். பலர் சௌகரியத்துக்காக நாலையும் பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்களில் மெலடியாக வாசித்துவிடுகிறார்கள். ஸ்வரம் சரியாக வரும், உரசல் வராது.

இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். மோதிர விரல் சாய்ந்து அதன் அடிச்சதை 3ஆவது கம்பியைத் தொடும், ஜி செத்துப்போகும். ஆள்காட்டி விரலின் சதை 1ஆவது கம்பியில் படும், ஈ மௌனமாகிவிடும். இரண்டு விரலும் நுனியில் நிற்க வேண்டும், மணிக்கட்டை முன்னால் தள்ளிக் கட்டை விரலைக் கழுத்தின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். ஆம்ப் இல்லாமல் பத்து முறை வாசியுங்கள். நாலாவது ஸ்வரத்தை மீட்டிய பிறகு கையை அசைக்காமல் நின்று, நாலு கம்பியும் ஒலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். அது வராமல் பெடலை மிதிப்பதில் பயனில்லை.

ஒலிக்கு, ஸ்ட்ராட் மாதிரி கிட்டார் இருந்தால் கழுத்துப் பக்கப் பிக்கப்பை வையுங்கள். ஆம்ப் சுத்தமாக இருக்கட்டும், டிஸ்டார்ஷன் இங்கே வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸர் இருந்தால் அளவாக, ஸ்வரம் நீண்டு நிற்கிற அளவுக்கு மட்டும். எதிரொலி தரும் டிலேயை 300 மில்லி செகண்ட் பக்கம் வைத்து, மூன்று முறை திரும்பினால் போதும், அளவு கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் வைத்தால் அந்த ஈ எதிரொலிகளில் கரைந்துவிடும். டிலேயில் டோன் குமிழ் இருந்தால் கூர்மையைக் குறையுங்கள், எக்கோரெக்கின் மங்கல் ஓரளவு கிடைக்கும்.

இந்த நாலு ஸ்வரத்தை எல்லோருமாகச் சேர்ந்து முதலில் வாசிப்பதில்லை. தனியாக வரும், அடங்கும், மறுபடி வரும். அப்புறம்தான் டிரம்ஸ் இறங்கும். அந்த இடைவெளியில் உங்கள் டிரம்மர் அவசரப்படுவார், எல்லா டிரம்மர்களும் அவசரப்படுவார்கள். அவருக்கு எண்ணிக்கை கொடுக்காதீர்கள். கிட்டார்க்காரர் அவரைப் பார்த்துத் தலையசைத்த பிறகு அடிக்கட்டும்.

விழாவில் 26 நிமிடம் தரமாட்டார்கள். முழுப் பாட்டும் ஒன்பது பகுதி, 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் தொடக்கத்தில் ஐந்தும் முடிவில் நாலும் வருகின்றன. முதல் ஐந்து பகுதி மட்டுமே 13 நிமிடத்துக்கு மேல். குறைக்க நினைப்பவர்கள் முதலில் கத்தரி வைப்பது முன்னால் இருக்கும் நீண்ட இசையில்தான், நேராகப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பதிவில் குரல் வருவதற்கு எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் வருவார் வருவார் என்று காத்திருக்கும் உணர்ச்சி அங்கேதான் சேர்கிறது. பத்து நிமிடம் கிடைத்தால், ஜி மைனர் கீபோர்டு விரிப்பை ஒன்றரை நிமிடமாக்குங்கள், முதல் சோலோவை ஒரு சுற்றில் முடியுங்கள், நாலு ஸ்வரத்தை முழுமையாக விடுங்கள். அதற்குப் பின் வரும் சோலோக்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பாட்டுக்குப் போங்கள். ஸாக்ஸஃபோன் ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை கீபோர்டில் போலி ஸாக்ஸ் ஒலியில் வாசிக்க வேண்டாம், கிட்டாரிலேயே வாசித்துவிடுங்கள்.

தொடக்கத்தில் மினுமினுவென்று ஓர் ஒலி கேட்கிறதே, அது கண்ணாடிக் கோப்பை. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்யப் பார்த்துக் கைவிட்ட முயற்சியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. நீங்களும் செய்யலாம். காம்பு வைத்த மெல்லிய கண்ணாடிக் கோப்பை மூன்று வேண்டும், தடித்த டம்ளரில் வராது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் விரல் வழுக்கும், ஒலி எழாது. விரலை நனைத்து விளிம்பில் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஃபோனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கூடக் கூட ஸ்ருதி இறங்கும். எனவே வெறும் கோப்பையின் ஸ்ருதி உங்களுக்கு வேண்டியதைவிட மேலே இருக்க வேண்டும். ஜி, பி ஃப்ளாட், டி மூன்றையும் தனித்தனியாக ஒரு ஜாண் தூரத்தில் மைக் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்து, மேடையில் அதை ஓட விடுங்கள். மேடையிலேயே நேரடியாக வாசிக்க முயன்றால் மானிட்டர் சத்தத்தில் மைக் ஊளையிடும்.

ஒன்பதாவது பகுதியை நீங்கள் வாசிக்கப் போவதில்லை, ஆனாலும் ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டுவிடுங்கள். அது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் இசை. ஒலி தேய்ந்து மறையும் நேரத்தில் 'சீ எமிலி ப்ளே'யின் மெட்டு ஒரு கீற்றாக வந்து போகும். சிட் எழுதிய பாட்டு அது. பிறகு மைனரில் நடந்துவந்த இசை ஜி மேஜரில் போய் நிற்கும், காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிடும். தொடக்கத்தில் அவரைச் சொன்னது ஒரு தைவதம், கடைசியில் வழியனுப்பியது ஒரு காந்தாரம்.

மற்ற ஆல்பங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் 'பிரெய்ன் டேமேஜ்' பாட்டுக்கு சிட் ஒரு தூண்டுதல் என்பதை வாட்டர்ஸே சொல்லியிருக்கிறார். குழுவினர் வேறு வேறு மெட்டு வாசிக்கத் தொடங்கினால் என்று அதில் ஒரு வரி வரும். அது கற்பனை இல்லை. கடைசி நாள்களில் சிட் ஒரு புதுப் பாட்டு சொல்லிக் கொடுப்பதாக உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அதை மாற்றி மாற்றி வாசித்து, 'பிடிபட்டதா?' என்று பாடினார். யாருக்கும் பிடிபடவில்லை. 1979இன் 'தி வால்' ஆல்பத்தில் வரும் பிங்க் என்ற பாத்திரத்தில் சிட்டின் பங்கு உண்டு. ஆனால் அந்த ஆல்பத்தின் முதுகெலும்பு, 1944இல் இத்தாலியின் அன்ஸியோவில் போரில் இறந்த வாட்டர்ஸின் தந்தை. அதையும் சிட் கணக்கில் எழுதுகிற உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் அவரைத் தேடுவதே வீண்.

இனி உங்கள் நண்பன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான்.

இந்தப் பாட்டை அவர்கள் எழுதியபோது சிட் உயிரோடு இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். 1974இல் அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் வாழ்ந்து, கேம்பிரிட்ஜில் ஓவியம் வரைந்து தோட்டம் போட்டுக்கொண்டிருந்து, 2006இல்தான் இறந்தார். 1975 ஜூனில் இந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு அவரே வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது. வந்திருப்பது யார் என்று கொஞ்ச நேரம் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் சிலர் அழுதார்கள். இதை ரசிகர்கள் ஓர் அதிசயம் மாதிரிச் சொல்வார்கள். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னைப் பற்றிய பாட்டு தயாராகிற அறைக்குள் ஒரு மனிதன் வந்திருக்கிறான், அவனிடம் கேட்டு எழுதியவர் யாரும் அங்கே இல்லை.

அதனால் முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் போய் உங்கள் நண்பனைப் பாருங்கள். குழுவாகப் போக வேண்டாம், அவனுக்கு மிகவும் நெருங்கிய ஒருவர் மட்டும் போகட்டும். பாட்டைப் பற்றி முதல் நாளே பேச வேண்டாம். அவனை விட்டுவிட்டுப் போனது யார் முடிவு, ஏன் என்று நேராகச் சொல்லுங்கள், அந்தப் பேச்சு அவனுக்குப் பாக்கி இருக்கிறது. நல்ல நாள் பார்த்து, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது பேசுங்கள். அவன் நிலை மோசமாக இருப்பதாகத் தெரிந்தால் பாட்டை ஒதுக்கிவையுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம், வீட்டாரும் அழைக்கலாம்.

அவன் சரி என்று சொன்னால், எழுதும்போது சில விஷயங்களில் கறாராக இருங்கள். அவன் பெயர் வேண்டாம், நோயின் பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரி, மாத்திரை, அவன் மேடையில் தடுமாறிய நாள் எதுவும் வேண்டாம், அவை அவனுடைய சொந்த விஷயம். பைத்தியம்தான் மேதைமை என்கிற மாதிரி ஒரு வரிகூட வரக் கூடாது. சிட்டின் நல்ல பாட்டுகள் அவர் தெளிவாக இருந்த காலத்தில் எழுதியவை. அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கும். ஒரு கார்டை அவன் பிடிக்கும் விதம், ஸ்ருதி சேர்க்கும்போது அவன் முணுமுணுக்கும் மெட்டு. அதில் நாலைந்து ஸ்வரத்தை எடுத்துப் பாட்டின் நடுவில் வையுங்கள். முதலில் தனியாக வரட்டும், பிறகு குழு சேரட்டும். பிங்க் ஃப்ளாய்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வழியை மட்டும்தான், அவர்கள் ஒலியை இல்லை. பி ஃப்ளாட்டில் தொடங்கி ஈ-யில் முடித்தீர்கள் என்றால் அது சிட்டின் பாட்டாகிவிடும்.

அவன் போட்ட மெட்டு ஒரு வரி இருந்தாலும் இசையமைப்பாளர் பட்டியலில் அவன் பெயர் இருக்க வேண்டும். ரெக்கார்டிங் முடிந்த அன்றே ஒரு தாளில் பாட்டின் பெயர், மெட்டு யார், வரிகள் யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி அவன் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதிவு செய்தால் அவன் பங்கு அவன் பெயரிலேயே பதிவாகட்டும். சிட்டுக்குச் சேர வேண்டிய ராயல்டி அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைக் கில்மர் கவனித்துக்கொண்டார். 2001இல் 'எக்கோஸ்' தொகுப்பு வந்தபோது சிட்டின் பாட்டுகள் ஐந்து அதில் இருந்தன, அதனால் அவருக்கும் வருமானம் போனது.

பாட்டு முடிந்ததும் வெளியே யாருக்கும் போடுவதற்கு முன்னால் அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். மிக்ஸிங் முடிந்த பிறகு காட்டினால் மாற்ற மனம் வராது, ரஃப் மிக்ஸிலேயே காட்டிவிடுங்கள். ஒரு வரியை எடுத்துவிடு என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். வெளியிடவே வேண்டாம் என்றால் அந்த ஃபைல் உங்கள் ஆறு பேரிடம் மட்டும் இருக்கட்டும். நானும் ஒரு தடவை வாசிக்கிறேன் என்று அவன் கேட்டாலும் கேட்பான். அதற்காக அந்த நாலைந்து ஸ்வரம் வரும் இடத்தில் ஒரு ட்ராக்கைக் காலியாக விட்டு வையுங்கள்.